வெளிவேலை

“யோகராசாவை இண்டைக்குப் பார்க்கேலாது புள்ள. வெளிவேலைக்குப் போயிட்டான்.”

மறியற்சாலைக் காவற்காரன் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான். கிரானிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்த பூரணம் சோற்றுப் பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி நின்றாள். புருசனை மாதத்தில் ஒருநாள்தான் காட்டுவார்கள். அந்த நாள் இன்று.

“என்ன வேலை ஐயா?”

“சர்க்கார் வேலை. வெட்டுறது, கொத்துறது. உனக்கேன் அது?”

“வீங்கின கையோட அந்த மனிசன் என்னத்தை வெட்டுவார்?”

காவற்காரனுக்குச் சிரிப்பு வந்தது. “இடக்கையால சோத்துத் தட்டை நீட்டினா வீங்காதா? இப்ப மரியாதை பழகிட்டான்.”

போன மாதம் அந்தக் கையை அவள் கண்டாள். விரல் ஐந்தும் மடங்கவில்லை. யோகராசா பிறவியிலேயே இடக்கையன். கிரானில் அது எல்லோருக்கும் பகிடி. வெட்டிய நெல்லை எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து உப்பட்டியாய், பிடிபிடியாய்ப் போட்டுக்கொண்டு போனால், அவன் நிரையில் மட்டும் கதிர்கள் மறுபக்கம் பார்த்துக் கிடக்கும். “இவன் வெட்டின இடத்தைக் குருடனும் கண்டுபிடிப்பான்” என்று வயற்சொந்தக்காரர் கந்தப்போடியாரே சொல்லிச் சிரித்திருக்கிறார். பகிடிக்கு இருந்த கைக்கு இங்கே பிரம்படி.

அவன் செய்த குற்றமும் பெரிய குற்றந்தான். போடியாரின் வயல் வட்டையில் வருசக்கணக்காய் வேலை செய்த ஐந்து பேர், அவனும் சேர்ந்து, கூலி நெல்லில் ஒரு மரைக்கால் கூட்டித் தரும்படி கேட்டார்கள். கேட்ட மூன்றாம் நாள் பொலிஸ் வந்தது. ஐந்து வீட்டுக் கொல்லைக் கோடியிலும் ஒவ்வொரு நெல்மூட்டை கிடந்தது. மூட்டைகள் இரவோடிரவாக நடந்து வந்து படுத்ததை ஊரில் ஒருவரும் காணவில்லை. ஆறு மாதம் மறியல்.

அதன்பிறகு ஊர் கூடி, அம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தது. ஐந்து பேரும் வரும்வரை கந்தப்போடியாரின் வெள்ளாமையில் ஒருவரும் கத்தி வைப்பதில்லை. போடியார் பெண்சாதி ஆள் விட்டுப் பார்த்தாள், இரண்டு மரைக்கால் கூட்டித் தருவதாகக்கூடச் சொல்லிப் பார்த்தாள். பூரணம் வந்த ஆளைப் படலையோடு திருப்பி அனுப்பினாள். அன்றும் அவள் வீட்டில் வெறும் கீரைதான் வெந்தது.

யோகராசா போன மாதம் கம்பிக்குள் நின்று சொன்னதும் அதைத்தான். “கைக் கதையை விடு. கதிர் உதிரத் தொடங்கட்டும், போடியார் தானா வந்து எங்களை வெளியால எடுப்பார். ஊர் மட்டும் வயலில இறங்கப்படாது.”

கதிர் இப்போது உதிரத் தொடங்கிவிட்டது. ஊர் இறங்கவில்லை. அந்த ஒரு சொல்லை அவன் காதில் போடத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்தாள்.

“சோத்தையாவது குடுங்க ஐயா.”

காவற்காரன் பொட்டலத்தை வாங்கி மணந்து பார்த்தான். மீன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தன் மேசையில் வைத்தான். அது எந்த வயிற்றுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

பின்னேரம் கிரானில் பஸ்ஸால் இறங்கியபோது, மறியலில் இருந்த மற்ற நால்வரின் பெண்சாதிமாரும் சந்தியிலேயே காத்து நின்றார்கள். போடியாரின் வட்டையில் ஆள் இறங்கிவிட்டதாம். எங்கிருந்தோ லொறியில் ஏற்றி வந்து காலையில் இருந்து வெட்டுகிறார்களாம்.

பூரணம் வீட்டுக்குப் போகவில்லை. வரம்பு வரம்பாய் ஓடினாள். நான்கு பேரும் பின்னால் ஓடினார்கள். மூன்று மாதம் பட்டினி கிடந்து காத்த வெள்ளாமை பாதி சாய்ந்து கிடந்தது. சட்டையில்லாத முதுகுகள் பத்துப் பதினைந்து, குனிந்தபடி நகர்ந்தன.

“எந்த ஊர் நாயளடா நீங்கள்? அஞ்சு குடும்பத்து அடுப்பில தண்ணி ஊத்திப்போட்டு, ஆருக்கடா வெட்டுறீங்கள்?”

ஒருவனும் நிமிரவில்லை. கிட்ட நின்றவனின் தலை இன்னும் தாழ்ந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கால் சேற்றை அள்ளி அவன் முதுகில் எறிந்தாள். முதுகு ஒருமுறை துடித்தது. அப்போதும் அவன் திரும்பவில்லை, வெட்டிக்கொண்டே போனான்.

“சோத்துக்காகத்தானே வந்த நீ? மானமில்லாதவனே, மூஞ்சியைக் காட்டடா.”

இரண்டாம் முறை சேற்றை ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. எல்லா நிரையிலும் கதிர்கள் கிழக்கே பார்த்துக் கிடந்தன. இவன் நிரையில் மட்டும் உப்பட்டி மேற்கே பார்த்துக் கிடந்தது.

காவல் வாடி நிழலில் போடியாரோடு இளநீர் குடித்துக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரன் துவக்குக் குழலைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். “திரும்பாதடா யோகராசா, வெட்டு.”