செவ்வாய்க்கிழமைச் சர்க்கரை

"பொய் சொல்லாதீங்க பாஞ்சாலைக்கா. இந்த வாரமும் என்னத்தத் தின்னீங்க?"

நான்தான் கேட்டேன். ரஞ்சிதம், எஸ்டேட் ஆஸ்பத்திரி ஆயா. வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

பின்ன என்ன? செவ்வாய்க்கிழமை ஆனா எட்டு மணிக்கே பெஞ்சுல வந்து உக்காந்துக்குவாங்க. வீட்டுலயே சிறுநீரைப் பிடிச்சு, சின்ன மருந்து பாட்டில்ல கொண்டாந்துடுவாங்க. டாக்டர் இல்லாத எஸ்டேட்டுல வைத்தியம் பாக்குற எங்க டிரெசர் அமிர்தலிங்கம் ஐயா அதுல எட்டுச் சொட்டு எடுத்து, நீல மருந்துல கலந்து விளக்குல காட்டுவாரு. சர்க்கரை இல்லன்னா நீலம் நீலமாவே நிக்கும். இந்தம்மாவுக்கு மட்டும் வாரா வாரம் செங்கல் நிறம்.

"சோத்தப் பாதியாக் கொறச்சுட்டேன்யா. தேத்தண்ணியும் சீனி இல்லாம கோசோங்தான்."

"அப்ப ரிங்லெட் டவுன் கடையில குளுக்கோஸ் டின்னு வாங்கினது யாருக்கு? நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

பாஞ்சாலைக்கா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"விடு ரஞ்சிதம். போய் தேத்தண்ணி கொண்டா, ரெண்டு கிளாஸ்," அப்படின்னாரு டிரெசர்.

இதுதான் எனக்கு ஆத்திரம். அஞ்சு நிமிஷ டெஸ்ட்டுக்கு இந்தம்மா ஒரு மணி நேரம் உக்காந்திருக்கும். அவரும் சளைக்காம கேப்பாரு. சிங்கப்பூர் போன மகன் கடுதாசி போட்டானா, கூரை ஒழுகுதா, பூனை குட்டி போட்டுச்சான்னு.

"ஞாயித்துக்கெழம காய்கறிக்காரன்கிட்ட பேசுனது. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான்யா வாயத் தொறக்கிறேன்," அப்படின்னாங்க பாஞ்சாலைக்கா.

நல்ல கதை. எனக்கு வேலை கெடந்துச்சு. எழுந்து போயிட்டேன்.

இது எண்பத்தஞ்சாம் வருஷம். கோலாலம்பூர்ல டிரெசருக்குத் தெரிஞ்ச ஒரு லேப்ல புது மெஷின் வந்திருக்குன்னாங்க. அடுத்த செவ்வாய் அவரு பாஞ்சாலைக்கா கையில ரத்தம் எடுத்தாரு.

"இது எதுக்குய்யா?"

"ரத்தத்துல சிவப்புப் புரதம் இருக்குல்ல, அதுல சர்க்கரை ஒட்டிக்கும்மா. ஒட்டினது எவ்வளவு, ஒட்டாதது எவ்வளவுன்னு அந்த மெஷின் பிரிச்சுக் காட்டும்."

"ரத்தத்தக் காய்ச்சியா?"

"காய்ச்சவும் வேணாம், ஒடைக்கவும் வேணாம். நம்ம பேக்டரியில தேயிலைத் தூளை சல்லடையில போட்டுப் பிரிக்கிறோமே, அது மாதிரி. சின்னக் குழாய்க்குள்ள தண்ணியோட தள்ளுவாங்க. சர்க்கரை ஒட்டினது நிக்காம முதல்ல ஓடியாந்துடும். மத்தது குழாயப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வரும். முன்ன மாதிரி நாள் கணக்கா ஆகாது, பத்து நிமிஷம்."

"அதுக்கு எல்லாம் தெரிஞ்சுடுமா?"

"மூணு மாசமா நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு சொல்லிடும்லா," அப்படின்னு நான் குறுக்க விழுந்தேன். "மாட்டுனீங்க."

பாஞ்சாலைக்கா என்னைப் பாக்கவே இல்ல. டிரெசரத்தான் பாத்தாங்க.

"ரிசல்ட் நல்லா வந்துட்டா?"

"அப்புறம் என்னம்மா? மூணு மாசத்துக்கு ஒரு தடவ வந்தாப் போதும்."

சந்தோஷப்பட வேண்டிய பேச்சு. ஆனா அந்தம்மா மூஞ்சி செத்துப் போச்சு. தேத்தண்ணியக் கூடக் குடிக்காம, முந்தானையத் தலையில போட்டுக்கிட்டு மழையில எறங்கிட்டாங்க. குத்தம் உள்ள நெஞ்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

ரத்தம் ஐஸ் பிளாஸ்க்ல தாப்பா பஸ் ஏறி கோலாலம்பூர் போச்சு. ரெண்டு வாரத்துல கடுதாசி வந்துச்சு. டிரெசர் பிரிச்சுப் படிச்சாரு. எனக்குக் காட்டாம மடிச்சு மேசையில வச்சுட்டாரு.

அன்னிக்கும் செவ்வாய். பாஞ்சாலைக்கா பெஞ்சு ஓரத்துல பாட்டிலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

"ரிசல்ட் சரியில்லம்மா," அப்படின்னாரு டிரெசர்.

"ஐயோ..."

"பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா வாரா வாரம் வரணும். தவறக் கூடாது."

"வாரா வாரமா?"

"ஒவ்வொரு செவ்வாயும்."

"வந்துடுறேன்யா. மழை பெஞ்சாலும் வந்துடுறேன்."

அன்னிக்கு ரெண்டு கிளாஸ் தேத்தண்ணி குடிச்சாங்க. பூனை குட்டி மூணையும் பத்திச் சொன்னாங்க. சிரிச்சாங்க கூட. வியாதி முத்திப் போச்சுன்னு கேட்டுட்டு சிரிக்கிற ஆள அன்னிக்குத்தான் பாத்தேன்.

அவங்க போனதும் கேட்டேன். "ஏன்யா, ரிசல்ட் மோசம்னா மாத்திரையக் கூட்ட வேணாமா?"

டிரெசர் கடுதாசிய என் பக்கம் தள்ளுனாரு. எனக்கு அவ்வளவா இங்கிலீஷ் வராது. ஆனா எஸ்டேட் ஆஸ்பத்திரியில பதினோரு வருஷம் இருந்தவளுக்கு 'நார்மல்'னு எழுதியிருந்தா தெரியும்.

"மூணு மாசமா அந்தம்மா சொன்னது அத்தனையும் நெசம்," அப்படின்னாரு. "ஒடம்புல சர்க்கரை கட்டுக்குள்ளதான் இருக்கு."

"அப்ப அந்தச் செங்கல் நிறம்?"

பாட்டிலை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டுனாரு. அடியில கரையாம வெள்ளையா மாவு படிஞ்சு கெடந்துச்சு.

குளுக்கோஸ். திங்கறதுக்கு வாங்கல, சிறுநீர்ல கலக்க வாங்கியிருக்காங்க.



"நீ பக்கத்து வீடுதானே ரஞ்சிதம்? நடுவுல ஒரு பலகைச் சுவருதான். கடைசியா எப்ப அந்த வீட்டுக்குள்ள போன?"

போன மாசம் போனேன். டின்னை எங்க ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு தேட. அத எப்படிச் சொல்றது?

டிரெசர் பாட்டிலைக் கழுவி என் கையில குடுத்தாரு.

"அடுத்த செவ்வாயிலேருந்து குளுக்கோஸை நீயே கலந்துடு. பாவம், அதுக்காக அந்தம்மா ரிங்லெட் வரைக்கும் நடக்குது."