துவைக்காத பனியன்

தவசியின் பீரோவில் கம்பளி ஸ்வெட்டரும் கபடி பனியனும் ஒரே தட்டில் கிடந்தன. அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்வரை பனியனைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்பது ஆட்டக்காரர்களின் நம்பிக்கை. இந்த முறை அவர்கள் ஜெயித்துக்கொண்டே போனார்கள்.

“கொஞ்சம் தள்ளிப் படேன். குடலைப் புரட்டுது,” என்றது ஸ்வெட்டர்.

“இது ஜெயிச்ச வேர்வை. பாச்சை உருண்டையோட குடும்பம் நடத்துற உனக்கு என்ன தெரியும்?” என்றது பனியன்.

“மார்கழி வரட்டும், அப்போ பாரு என் மவுச!”

“நம்ம ஊர்ல மார்கழியிலயும் ஃபேன் ஓடுது.”

கடைசி ஆட்டத்தில் அணி தோற்றுப்போனது. மறுநாளே தவசி பனியனை ஊறவைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, காயவைத்து, மடித்து உள்ளே வைத்தான்.

பனியன் தானாகவே ஓரத்துக்குப் போய்ச் சுருண்டுகொண்டது.

“தள்ளித்தான் படுத்திருக்கேன். இப்போ நிம்மதியா?” என்றது.

ஸ்வெட்டர் மோந்து பார்த்தது. மறுபடியும் மோந்து பார்த்தது. பிறகு தன் நீளக் கையை எடுத்துப் பனியன்மேல் போட்டு இழுத்துக்கொண்டது.

“சே, என்ன சோப்பு இது? சகிக்கல. சீக்கிரம் ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வந்து சேரு.”