எப்பேர்

"தாவீதுன்னு வைப்பா. ராஜா பேரு. ஒரே கல்லு, ராட்சசன் காலி."

"அவரு வேணாங்க ஐயா."

உபதேசியார் ஜான்சன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எதிரே நின்ற சத்யராஜ், காஞ்சிபுரத்தில் சாயப் பட்டறையில் பட்டு நூல் முக்குகிறவன். அவன் நகக்கண்ணில் அரக்குச் சிவப்பு ஊறியிருந்தது. நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் அவன் மனைவி எஸ்தருக்குப் பிரசவம். ஆண் குழந்தை. பைபிளிலிருந்து இன்றைக்கே ஒரு பெயர் வைத்தாக வேண்டுமென்று பஸ் பிடித்துத் தாமலுக்கு வந்து, சபை வாசலில் காத்திருந்தான்.

"ஸ்வீட்டும் காணோம், ஒண்ணும் காணோம். பையன் யார் ஜாடை?"

"எஸ்தர் ஜாடைங்க."

"தப்பிச்சான். அப்படி இன்னா அவசரம்? சர்ட்டிபிகேட்டுல பேரு அப்புறம்கூட சேத்துக்கலாம்பா."

"பேரு இல்லாம எழுதக் கூடாதுன்னு எஸ்தர் ஒரே புடியா நிக்குதுங்க."

"சரி, சிம்சோன்? பலசாலி."

"வேணாங்க."

"யோசுவா?"

"அவரு சண்டையெல்லாம் போட்டு ஜெயிச்சவரு."

"ஜெயிச்சா தப்பா? பின்ன எப்படிப்பட்ட ஆளு வேணும் உனக்கு?"

"ஒண்ணுமே பண்ணாத ஒருத்தர் பேரா வேணுங்க."

ஜான்சன் சிரித்துவிட்டார். "அதுக்குப் பைபிள் எதுக்கு? நம்ம சபையிலயே நெறைய பேர் இருக்காங்க."

சத்யராஜ் சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினான். பின்பக்கம் எஸ்தரின் கோணல் கையெழுத்து. முதலாம் நாளாகமம், நாலாம் அதிகாரம்.

ஜான்சன் புரட்டினார். அந்தப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. விரலை நாக்கில் தொட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது.

"இதையா படிச்சுது? வெறும் பேருங்கப்பா. இன்னாருக்கு இன்னார் பொறந்தான், அவ்ளோதான். இருபது வருஷமா நானே இதத் தாண்டிப் போயிடுறேன். சபையில வாசிச்சா பாதி பேரு கொறட்ட வுடுவான். ம்... இந்தா, யாபேஸ் இருக்கான். ஜெபம் பண்ணி ஆசீர்வாதம் வாங்கினவன். அவன் பேர வையி."

"அவருக்கு மூணு வசனம் மேல பாருங்க."

"மேல நாலு பேரு இருக்குது. எந்தப் பேரு?"

"எப்பேர்."

"அதத்தாம்பா நானும் கேக்குறேன்."

"அதாங்க ஐயா. எப்பேர்."

ஜான்சன் மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஸ்கூல்ல டீச்சர் உன் பேரு இன்னாடாம்பாங்க. இவன் எப்பேர்ம்பான். எகத்தாளமாடான்னு முதுகுல ஒண்ணு வெப்பாங்க!"

சத்யராஜ் சிரிக்கவில்லை.

"சரி, இந்த எப்பேர் இன்னா பண்ணான்?"

"தெரியாதுங்க. பொறந்தான்னு மட்டும் இருக்குது. அப்புறம் அவனப் பத்தி ஒரு எழுத்து இல்ல. நேத்து பூரா எஸ்தர் அந்த வரியத்தான் தடவிக்கினு இருந்துச்சு. 'ஒண்ணும் பண்ணாதவனக்கூட வுட்டுடல பாருய்யா, அம்மா பேரோட எழுதி வச்சிருக்குது'ன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம்தான் ஒரு வாய் தண்ணி குடிச்சுது."

ஜான்சன் அந்த வசனத்தை மறுபடி படித்தார். இந்த முறை வாய்விட்டு. ஒரு தாய், நான்கு மகன்கள். எவனும் ராஜா இல்லை. எவனும் எதையும் ஜெயிக்கவில்லை. இருபது வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அந்த வரியில் நின்றதில்லை.

"சரிப்பா," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எப்பேர்னே இருக்கட்டும். எஸ்தர் பேரையும் சேத்தே எழுதிடுறேன்."

எழுந்து அலமாரியைத் திறந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து, தூசி தட்டி, புதுப் பக்கத்தைப் பிரித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"எந்த ஞாயித்துக்கெழம வச்சுக்கலாம்?"

சத்யராஜ் கையை நீட்டி அந்தப் பதிவேட்டை மூடினான்.

"இது இல்லீங்க ஐயா. அடக்கம் பண்றத எழுதுற நோட்ட எடுங்க."