பன்னிரண்டாம் பக்கம்

"யோவ் வக்கீலு! இன்னும் அந்தப் போனை வெச்சுக்கிட்டு என்னய்யா பண்றே?"

பார்சல் கிடங்கின் மேலாளர் போட்ட சத்தத்தில் ஓட்டுநர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். ஆள் மூன்றாம் நம்பர் வேன் ஓட்டுநர். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை வாயில் போடுவார்.

இன்று முதல் புது ஆப். அதன் நிபந்தனைகளுக்குக் கிளையில் உள்ள எல்லாரும் சம்மதம் சொன்னால்தான் டெலிவரிப் பட்டியல் திறக்கும். மற்றவர்கள் பத்தே நொடியில் அமுக்கிவிட்டார்கள். இப்போது மணி பத்தரை. ஏற்றிய பார்சல்களோடு பதினோரு வேன்கள் வாசலில் நிற்கின்றன. சுவரில் இருந்த திரையோ, 'சம்மதம் முழுமையடையவில்லை' என்றே சாதித்தது.

"பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கேன் சார். மொத்தம் முப்பத்தெட்டு பக்கம்."

"உன்னை யாரு படிக்கச் சொன்னா? கடைசியில சம்மதம்னு இருக்கும், அமுக்கிட்டுப் போவியா! நானெல்லாம் என்ன படிச்சுக்கிட்டா இருந்தேன்?"

"ஒரு இடம் புரியல சார். 'பணி நேரத்திற்கு அப்பாற்பட்ட இருப்பிடத் தகவல்'னு போட்டிருக்கு. லீவு நாள்லயும் நான் எங்க போறேன்னு பார்ப்பாங்களா?"

"பார்த்தா பார்த்துட்டுப் போறாங்க! மடியில கனமில்லாதவனுக்கு வழியில என்னய்யா பயம்?"

"இருந்தாலும், சம்மதிக்கிறவன் நான்தானே சார்..."

"உன் ஒருத்தனால அத்தனை பேர் பொழப்பும் கெடுது. இப்ப அமுக்கலேன்னா வேன் சாவியைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு."

வக்கீலின் முகம் சுருங்கிப்போனது.

பார்சல் பிரிக்கும் அக்காவுக்கும் பொறுமை போய்விட்டது. "அமுக்கித் தொலைங்களேன் அண்ணே!"

அவர் விரல் தயங்கியது. மேலாளர் வெடுக்கென்று போனைப் பிடுங்கி, சர்ரென்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளி, தானே அமுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ்வளவுதான்! இதுக்குப் போய் ஒரு மணி நேரம்!"

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

'சம்மதம் முழுமையடையவில்லை.'

"இன்னும் எவன்யா அது? எல்லாரும் போனைக் காட்டுங்க!"

காட்டினார்கள். எல்லாவற்றிலும் பச்சை டிக்.

எரிச்சல் தாங்காமல் அக்காவே தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"உங்க கிளையில ஒருத்தர் காலையிலேயே 'சம்மதமில்லை'ன்னு அமுக்கியிருக்காருங்க," என்றது ஒரு பெண்குரல். "முப்பத்தெட்டு பக்கத்தையும் முழுசாப் படிச்சவர் அவர் ஒருத்தர்தான். காரணம்கூட எழுதியிருக்கார்."

"சரி சரி, வெச்சிடும்மா. நான் பார்த்துக்கறேன்," என்று மேலாளர் அவசரமாகக் கை நீட்டினார்.

அக்கா போனைத் தரவில்லை. "என்ன எழுதியிருக்காரு?"

"'லீவு நாளில் நான் எங்கே போகிறேன் என்பது என் சொந்த விஷயம்'னு."

"யாருங்க அது?"

"உங்க மேலாளர்தான்."

எல்லாரும் திரையை விட்டு மேலாளரைப் பார்த்தார்கள்.

"அது... என்னைக் கணக்குல சேர்க்க மாட்டாங்கன்னு நெனச்சேன்..." மேலாளர் தரையைப் பார்த்து முனகினார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தன் போனை மறுபடியும் மேலாளரிடமே நீட்டினார்.

"சார், எனக்கும் அதையே அமுக்கிக் கொடுங்க."