நாக்குக்கு அடியில்

இதய ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகும் அவருக்கு மாடி ஏறினால் நெஞ்சு வலிக்கும். உடனே நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வலி வந்ததை மறைக்கிற மனிதர் என்பதால், மனைவி தினமும் காலையில் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பாள். அன்று பத்து இருந்தன. எண்ணியவள் டப்பாவை அவர் சட்டைப் பையில் திரும்ப வைக்க மறந்துவிட்டாள்.

அதைக் கவனித்தபோது அவர் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள்; அவர் போனை எடுக்கவில்லை. டப்பாவை இறுக்கிப் பிடித்தபடி அவர் வேலை செய்யும் அச்சகத்துக்கு ஓடினாள். அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"மறுபடியும் எதுக்கு இப்படி ஓடி வர்றே? உனக்கும் ஸ்டென்ட் வைக்கணுமா?" என்று சிரித்தார்.

"மறுபடியுமா?"

"இப்பதானே வந்து மாத்திரை குடுத்தே. வலி போற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தே. நீ வரலைன்னா இன்னிக்கு என் கதை முடிஞ்சிருக்கும்."

அவள் டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி எண்ணினாள். ஒன்பது இருந்தன. இன்னொரு முறை எண்ணினாள். ஒன்பதுதான்.

"கேட்கணும்னு நினைச்சேன்," என்றார் அவர். "நாளைக்கு ஒரு மாத்திரை பத்தாதுன்னு போகும்போது சொன்னியே, ஏன்?"