அவரைக்கு ஓங்கிய அரிவாள்

பாளையங்கோட்டையின் அந்த நாற்பது மாடிக் குடியிருப்பில், தை பிறப்பதற்குள் காய்க்காத கொடியைப் பால்கனியோடு சேர்த்துப் குடியிருப்புச் சங்கத்தார் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். தாணுலிங்கத்தின் அவரையோ மார்கழி பிறந்தும் ஒரு பூ வைக்கவில்லை. ஆனால் செடிகளைப் பேசவைக்கத் தண்டில் மாட்டிய கருவி வழியாக ஊருக்கே கேட்கும்படி வாய் மட்டும் பேசியது. தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம், பந்தல் கயிறு உறுத்துகிறதாம். மனிதர் தன் பட்டு வேட்டியையே கிழித்துக் கட்டிவிட்டார்.

கடைசியில் பழைய வைத்தியம் நினைவுக்கு வந்தது. காய்க்காததை ஒருவர் வெட்ட வர, இன்னொருவர் குறுக்கே விழுந்து, 'விட்டுருங்க, இனிமே காய்ச்சிரும்' என்று காப்பாற்ற வேண்டும்; அந்தப் பயத்தில் காய்த்துவிடுமாம். குறுக்கே விழும் வேலை மனைவி உலகம்மாளுக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்தார்.

"சும்மா இருந்து தின்னுக்கிட்டா இருக்கே? இன்னைக்கு உன்னைய வெட்டாம விடமாட்டேன்!" என்று அரிவாளை ஓங்கினார்.

உலகம்மாள் குறுக்கே விழவில்லை.

"சும்மா இருந்து திங்கிறது அது மட்டும்தானாக்கும்? ரிட்டயர் ஆன நாள்லேருந்து ஒரு தட்டு கழுவியிருக்கியளா? அந்த அரிவாள இங்க தாங்க!" என்று பிடுங்கி, அவர் பக்கமே ஓங்கினாள்.

தாணுலிங்கம் பந்தலுக்குள் பதுங்கினார். அப்போது அவரை வாய் திறந்தது.

"விட்டுருங்க மதினி. தை பொறந்தா அண்ணாச்சி திருந்திருவாரு."

அந்த மார்கழியிலேயே கொடி கூடை கூடையாகக் காய்த்துத் தள்ளியது. பால்கனி தப்பியது. தாணுலிங்கம் இப்போது அங்கே உட்கார்ந்துதான் பாத்திரம் கழுவுகிறார்.

"அடியில இன்னும் கரி இருக்கு, அண்ணாச்சி" என்கிறது அவரை.