பதினான்கு சட்டைகள்

"போட்டோ என்னைக்கு எடுத்ததுன்னு காட்டுற சாஃப்ட்வேர் வேணும்," என்று கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததுமே சீறினாள் அந்தப் பெண்.

கடைக்காரர் மூன்றைக் காட்டினார். "இதுல தேதி மட்டும் தெரியும். இது எடுத்த இடத்தையும் காட்டும். இது..."

"பதினாலு போட்டோவையும் ஒரே பட்டியலா எது காட்டும்?"

"மூணாவது. ஆனா வாட்ஸ்அப்ல வந்திருந்தா விவரமெல்லாம் போயிருக்கும்மா."

"மெயில்ல வந்தது. ரெண்டு வாரமா தினமும் ஒண்ணு."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "கோபப்படாதீங்கம்மா. வீட்டுக்காரர்கிட்ட பொறுமையா உக்காந்து பேசினா..."

"உங்க வேலையைப் பாருங்க!"

அவள் நீட்டிய பென்டிரைவைச் செருகி, அவர் பட்டியலைத் திறந்தார். பதினான்கு படங்களுக்கும் ஒரே தேதி. முதல் படம் காலை பத்து மணிக்கு, கடைசிப் படம் ஒரு மணிக்கு. ஒரே நாற்காலியில் ஒரு முதியவர், பதினான்கு வெவ்வேறு சட்டைகளில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இவர்?"

"எங்கப்பா. முதியோர் இல்லத்துல இருக்கார். ஆபீஸ் விட்டதும் தினமும் போய்ப் பாக்குறேன்னு எங்கண்ணன் அனுப்புன போட்டோ இது. ஒரே நாள்ல சட்டையை மாத்தி மாத்தி எடுத்து வச்சிருக்கான், படுபாவி!"

"உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

"அப்பாவுக்குக் கை நடுங்கும். நேத்து போன்ல அப்படிப் பூரிச்சுப் போய்ப் பேசினார். 'உங்கண்ணன் வந்தப்ப அவன் கையாலயே எனக்குப் பொத்தான் போட்டுவிட்டாம்மா. ஒரு தடவை இல்ல, பதினாலு தடவை'ன்னு."